ரோஜாச் செடி வாங்க நவம்பரில் போங்கள்

சென்னைப் பக்கம் ரோஜாச் செடி வியாபாரம் சூடு பிடிப்பது தை பிறந்த பிறகுதான். பொங்கல் முடிந்த கையோடு ஜிஎஸ்டி சாலையிலும் வண்டலூர் கேளம்பாக்கம் சாலையிலும் உள்ள நர்சரிகளில் வண்டி வண்டியாகச் செடி வந்து இறங்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு பூ, நாலு மொட்டு, பளபளவென்று இலை. என்னைக் கேட்டால் அந்த நேரத்தில் ரசித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருவது நல்லது. ரோஜா வாங்கப் போக வேண்டிய மாதம் நவம்பர். நாலு நாள் அடைமழை பெய்து ஓய்ந்து, கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்ததும் போங்கள். பூ ஒன்றும் இருக்காது. நர்சரிக்காரரே "இப்ப ஏம்மா வந்தீங்க, ஜனவரியில வாங்க, சரக்கு நிறைய வரும்" என்பார். ஆனால் எந்த ரகத்தில் இலை நிற்கிறது, எது மொட்டைக் குச்சியாகிவிட்டது என்பது அப்போதுதான் தெரியும். அந்த மழையில் பச்சையாக நிற்கும் செடி, போன கோடையையும் அதே நர்சரியில் தாண்டி வந்த செடியாகவும் இருக்கும். அது உபரி லாபம்.

எங்கள் வீடு குரோம்பேட்டையில். மொட்டை மாடியில் தொட்டிகள். பங்குனியிலிருந்து ஆடி வரை வெயில் கொளுத்தும், ஐப்பசி கார்த்திகையில் இலை காயவே காயாது, போர் தண்ணீரோ உப்பு. செடி இந்த மூன்றையும் தாங்க வேண்டும். வீட்டில் ஆளுக்கொரு ஆசை வேறு. மாமியாருக்கு மணம் வேண்டும். வாசனை இல்லாத பூவைச் சாமிக்கு வைக்க மாட்டார். மகளுக்கு நிறம் வேண்டும். எனக்கு வேண்டியது, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மருந்தடிக்கும் வேலை குறைய வேண்டும், அவ்வளவுதான். இந்த மூன்றும் ஒரே செடியில் கிடைக்குமா என்றால், நம் கடைகளில் சாதாரணமாக விற்கிற ரகங்களில் ஒன்றுதான் கிட்டத்தட்ட தேறுகிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் கடைகளைப் பற்றி. ரோஜா விஷயத்தில் நம் ஊர் நர்சரிகளின் பெரிய குறை, பெயர் சொல்லத் தெரியாதது. மாம்பழம் வாங்கினால் பங்கனப்பள்ளியா, செந்தூரமா, மல்கோவாவா என்று ரகம் சொல்லி விற்கிறார்கள். ரோஜாவுக்கு மட்டும் "ரெட்", "பிங்க்", "டபுள் கலர்", "காஷ்மீர் ரோஸ்", "பெங்களூர் ரோஸ்". ஒரு நர்சரியில் கருஞ்சிவப்புப் பூ ஒன்றைக் காட்டி இது என்ன ரகம் என்று கேட்டேன். வேலை செய்கிற பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது ஹைப்ரிட்டுக்கா" என்றான். வாசம் வருமா? "வரும்க்கா." இலையில் புள்ளி விழுமா? "மருந்தடிச்சா விழாதுக்கா." அவனைக் குறை சொல்லி என்ன பயன், அவனுக்கு வருவதும் பெயரில்லாத சரக்குதான். தென்னிந்திய நர்சரிகளுக்குச் செடி அனுப்பும் பெரிய இடம் ராஜமுந்திரி பக்கத்திலுள்ள கடியம். அங்கிருந்தும் பெங்களூர், ஓசூர் பக்கமிருந்தும் வரும்போதே நிறத்தைச் சொல்லித்தான் கட்டு கட்டுவார்கள் போலும்.

பெயர் இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். நோய் தாங்குவது, மணப்பது எல்லாம் ரகத்தின் குணம். பெயர் தெரிந்தால் படித்துப் பார்த்து முடிவு செய்யலாம். தெரியாவிட்டால் மூக்கையும் கண்ணையும்தான் நம்ப வேண்டும். மணத்துக்குக் காலை ஒன்பது மணிக்குள் போய், பாதி விரிந்த பூவை முகர்ந்து பாருங்கள். மத்தியான வெயிலில் மணக்கிற ரோஜாவும் மணக்காது. முழுக்க விரிந்து ஓய்ந்த பூவிலும் ஒன்றும் இருக்காது. நோய்க்கு, செடியின் கீழ்ப்பக்கத்து இலைகளைத் திருப்பிப் பாருங்கள். எல்லாரும் பூவைப் பார்க்கும்போது நீங்கள் குனிந்து அடியிலையைப் புரட்டினால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

அடியிலையில் என்ன தேட வேண்டும்? ரோஜாவின் முதல் எதிரி கரும்புள்ளி நோய். அதன் புள்ளிக்குத் தனி அடையாளம் உண்டு. பேனா மை காகிதத்தில் ஊறினால் விளிம்பு பிசிறுமே, அப்படி ஓரம் பிசிறிய கறுப்பு வட்டம், அதைச் சுற்றி மஞ்சள். விரலால் லேசாகத் தட்டினாலே அந்த இலை காம்போடு கழன்று கையில் வந்துவிடும். உப்புத் தண்ணீரால் கருகும் இலை வேறு: அது ஓரத்திலிருந்து பழுப்பாகி உள்ளே வரும், நடுவில் புள்ளி இருக்காது, தட்டினால் விழாது. கரும்புள்ளிப் பூஞ்சையின் வித்து முளைக்க இலை தொடர்ந்து ஏழு மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். நம் ஐப்பசி மழைக்கு ஏழு மணி நேரம் எந்த மூலைக்கு? அதனால்தான் நவம்பர் என்று அடித்துச் சொல்கிறேன். சாயங்காலம் பைப்பைப் பிடித்துச் செடியைத் தலையோடு குளிப்பாட்டும் பழக்கம் இருந்தால், மழையே இல்லாமலும் இந்த நோயை வரவழைக்கலாம். தண்ணீரைக் காலையில், வேரில் ஊற்றுங்கள்.

இன்னொன்று, தண்டின் அடியில் இருக்கும் முடிச்சு. பெரிய பூ பூக்கும் ரகங்கள் பெரும்பாலும் ஒட்டுச்செடிகள். காட்டு ரோஜாவின் தண்டில் நல்ல ரகத்தின் மொட்டை வைத்துக் கட்டியிருப்பார்கள். அந்த முடிச்சுக்குக் கீழிருந்து விறுவிறுவென்று ஒரு கிளை கிளம்பியிருந்தால் அது காட்டுச்செடி. நாம் காசு கொடுத்த ரகத்தைப் பட்டினி போட்டுவிட்டு அதுதான் வளரும். அப்படி ஒரு செடியை "பாருங்க, எவ்வளவு வீரியமா வருது" என்று ஒரு கடையில் காட்டினார்கள். எதன் வீரியம் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி, ரகங்கள்.

மூன்று ஆசையையும் கிட்டத்தட்ட தீர்த்துவைப்பது பன்னீர் ரோஜாதான். பெரிய கண்டுபிடிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம், நம் பாட்டிமார் வீட்டு முற்றத்தில் இருந்ததுதான். ஆனால் ஒட்டு ரோஜாக்கள் வரிசையாக நிற்கும் கடையில் இது மூலையில், மண் ஒட்டிய கவரில், பூவில்லாமல், அறுபது எழுபது ரூபாய்க்குக் கிடக்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பன்னீர் ரோஜா என்ற பெயரில் நம் பக்கம் ஒன்றுக்கு மேற்பட்ட செடி உலவுகிறது. அவற்றில் எட்வர்டு ரோஸும் ஒன்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உதிரிப்பூச் சாகுபடிக்குச் சொல்லும் ரகங்களில் இந்த எட்வர்டு ரோஸும் ஆந்திரா ரெட்டும் உண்டு. எட்வர்டு சேர்ந்த கூட்டத்துக்குப் பூர்போன் ரோஜாக்கள் என்று பெயர். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவை முன்பு பூர்போன் என்றுதான் அழைத்தார்கள். அங்கே வேலியோரம் நின்ற சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் 1800களின் தொடக்கத்தில் தாமாகக் கலந்து பிறந்த இனம் இது. டமாஸ்க் மணத்தைக் கொடுத்தது, சீனம் வருஷம் முழுக்கப் பூக்கும் குணத்தைக் கொடுத்தது. வெப்பமண்டலத் தீவில் பிறந்ததால் நம் வெயிலும் மழையும் அதற்குப் புதிதில்லை. ஐரோப்பாவின் குளிரில் வளர்த்தெடுத்த ரோஜாவைக் குரோம்பேட்டையில் வைத்துவிட்டு ஏன் வாடுகிறது என்று கேட்கிறோம். இதை வைத்தால் அந்தக் கேள்வியே எழாது.

என் மாடியில் பன்னீருக்குக் கரும்புள்ளி வராமல் இல்லை, வருகிறது. ஆனால் கீழே பத்து இலை உதிர்ந்தால் மேலே இருபது துளிர்க்கிறது. மருந்து ஒன்றும் அடிப்பதில்லை. நோய் எதிர்ப்பு என்றால் நோயே வராது என்று அர்த்தமில்லை, வந்தாலும் செடி சட்டை செய்யாது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். குறைகளும் இருக்கின்றன. முள் நெருக்கம், சேலையைப் பிடித்தால் விடாது. பத்து அங்குலத் தொட்டியில் இதை வளர்க்க முடியாது, பெரிய தொட்டி அல்லது தரை வேண்டும். பூ காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் தொய்ந்துவிடும். ஜாடியில் வைத்து அழகு பார்க்கிற பூ இல்லை. சித்திரை, வைகாசியில் இலைப்பேன் புகுந்து இதழ் ஓரத்தைப் பழுப்பாக்கும். நிறமும் ஒரே இளஞ்சிவப்பு, மகளுக்கு அதில் திருப்தி இல்லை. மாமியாருக்கோ வேறு ரோஜா தேவையே இல்லை. வெள்ளிக்கிழமை காலை பறித்ததில் பாதி சாமிக்கு, மீதி இதழைச் சர்க்கரையோடு பிசைந்து பாட்டிலில் அடைத்து வெயிலில் வைத்துவிடுவார். குல்கந்துக்கு மருந்தடிக்காத பூ வேண்டும் என்பதால், இந்தச் செடி இருக்கும் பக்கம் நான் ஸ்பிரேயரையே கொண்டு போவதில்லை. வாங்கும்போது ஒட்டுச்செடி கேட்காதீர்கள், குச்சி வைத்து வேர் பிடித்ததே போதும். அதில் காட்டுக்கிளை தொல்லையும் கிடையாது.

மகளின் செல்லம் டபுள் டிலைட். கடைகளில் "டபுள் கலர்" என்று கேட்டால் எதையாவது எடுத்துக் கொடுப்பார்கள், பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அமெரிக்காவில் ஸ்விம், எல்லிஸ் என்ற இருவர் உருவாக்கி 1977இல் வெளிவந்தது. உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு 1985இல் தன் புகழ்ப்பட்டியலில் சேர்த்த ரகம். மொட்டு வெண்ணெய் நிறத்தில் திறக்கும், பிறகு வெயில் படும் இதழ்களில் ஓரத்திலிருந்து சிவப்பு ஏறும். வெயில் படாத உள்ளிதழ் வெளுப்பாகவே இருக்கும். வீட்டுக்குள் வைத்து மொட்டை விரியவிட்டால் சிவப்பு சரியாக வராது என்பதை மகள் சோதித்தே பார்த்தாள். ஒரு மொட்டை ஜாடியில் வைத்தாள், பக்கத்து மொட்டைச் செடியிலேயே விட்டாள். ஜாடியில் விரிந்தது ஏதோ சோகை பிடித்த பூவாக இருந்தது. மணம் அபாரம். கொஞ்சம் பழ வாசனையும் கலந்த காரமான மணம். படியேறும்போதே தெரியும்.

ஆனால் டபுள் டிலைட் நன்றாகப் படிக்கிற, மாதம் ஒரு முறை காய்ச்சலில் விழுகிற பிள்ளை. நவம்பரில் கரும்புள்ளி, டிசம்பர் கடைசியில் இரவு குளிர்ந்து பகல் காய்ந்ததும் துளிரெல்லாம் சாம்பல் நோய். வெள்ளை மாவு தூவியது மாதிரி இலை சுருளும். அதற்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து அடித்தால் கட்டுப்படும். வெயில் ஏறிய பிறகு கந்தகம் அடித்தால் இலை கருகிவிடும், காலையிலேயே முடித்துவிட வேண்டும். மே மாதத்தில் பூ சிறுத்து, இதழ் ஓரம் தீய்ந்து, இரண்டு நிறமும் ஒன்றாகக் குழம்பிப்போகும். பச்சை நிழல்வலைக்குக் கீழே வைத்தால் செடி பிழைக்கும், சிவப்பு குறையும். ஒரு செடி வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது வாங்கச் சொன்னால் மாட்டேன். விலை இருநூறு, இருநூற்று ஐம்பது. டிசம்பர் முடிவிலிருந்து மார்ச் வரை அது கொடுக்கிற பூவுக்குக் காசு தகும்.

கருஞ்சிவப்பில் மணக்கிற ரோஜா வேண்டும் என்பவர்களுக்குப் பாப்பா மெய்லாண்ட், மிஸ்டர் லிங்கன் என்று இரண்டு பழைய பெயர்கள் உண்டு. பாப்பா மெய்லாண்ட் 1963இல் பிரான்சின் மெய்லாண்ட் குடும்பத்திலிருந்து வந்தது. அலென் மெய்லாண்ட் தன் தாத்தாவின் பெயரை வைத்தார். இதழைத் தொட்டால் வெல்வெட், நிறம் கிட்டத்தட்டக் கறுப்பு. ரோஜா மணத்தின் ரகசியத்தை ஆராய்ந்த பிரெஞ்சு விஞ்ஞானிகள் 2015இல் வெளியிட்ட ஆய்வுக்கு இந்தப் பூவைத்தான் எடுத்துக்கொண்டார்கள். இதற்குப் பக்கத்தில் மணமே இல்லாத ரூஜ் மெய்லாண்டை வைத்து ஒப்பிட்டு, ரோஜாவின் முக்கிய வாசனைப் பொருளான ஜெரானியால் உருவாக ஒரு குறிப்பிட்ட நொதி காரணம், மணமில்லாத பூவில் அந்த நொதி வேலை செய்வதில்லை என்று கண்டார்கள். ஆக, மணமில்லாத ரகத்துக்கு எவ்வளவு மீன் அமிலமும் பஞ்சகவ்யமும் ஊற்றினாலும் மணம் வராது. "உரம் போட்டா வாசம் வந்துடும்மா" என்று எந்தக் கடையில் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இந்த இரண்டில் சமவெளிக்கு மிஸ்டர் லிங்கன் தேவலை. பாப்பா மெய்லாண்டுக்குச் சாம்பல் நோய் என்றால் உயிர். லிங்கனுக்கும் நோய் வரும், ஆனால் தண்டு உரம், உயரமாகப் போகும், வெட்டிவிட்டால் திரும்ப எழும். பிரச்சினை என்னவென்றால், லிங்கன் என்று சொல்லி விற்பதில் பாதி லிங்கன் இல்லை. ஆன்லைனில் வரவழைத்த ஒன்று பூத்தபோது ரத்தச் சிவப்பாக, மணமில்லாமல், பூங்கொத்துக் கடைப் பூ மாதிரி இருந்தது. புகார் எழுதினேன். "பூவின் நிறம் பருவநிலைக்கேற்ப மாறலாம்" என்று பதில் வந்தது. மணமும் பருவநிலைக்கேற்பக் காணாமல் போகும் போலிருக்கிறது.

மணத்தை விட்டுவிடத் தயார் என்றால் வேலை சுலபம். கிளாடியேட்டர், குயின் எலிசபெத் இரண்டும் எழுபது ஆண்டுப் பழைய ரகங்கள், 1955, 1954. இரண்டும் நம் வெயிலைப் பொருட்படுத்தாது. கிளாடியேட்டரை மகாராஷ்டிரத்தில் திறந்த வயலிலேயே வெட்டுப்பூவுக்கு வளர்த்தார்கள் என்றால் அதன் உடம்பு எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். குயின் எலிசபெத் ஆள் உயரத்துக்கு மேல் போகும், இளஞ்சிவப்பு, கொத்துக் கொத்தாக வரும், மணம் மெலிது. காம்பவுண்ட் சுவரோரம் தரையில் வைக்க இதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை. மாடித் தொட்டிக்கு அதன் உயரம் தொந்தரவு, காற்றில் தொட்டியோடு சாய்ந்துவிடும்.

வெள்ளைக்கு ஐஸ்பெர்க். ஜெர்மனியின் கோர்டஸ் பண்ணையில் 1958இல் வந்தது. குளிர்நாட்டுப் புத்தகங்களில் இதற்குக் கரும்புள்ளி அதிகம் என்று எழுதியிருப்பார்கள். இங்கேயும் மழையில் இலை உதிர்க்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மழை நின்று மூன்று வாரத்தில் எதுவுமே நடக்காதது போல முழுக்கத் துளிர்த்துக் கொத்தாகப் பூக்கும். முள்ளும் குறைவு. மணம், முகர்ந்தால் உண்டு, தேடினால் உண்டு, அவ்வளவுதான். மாமியார் இதை "காகிதப்பூ" என்கிறார். எனக்குப் பிடித்த செடி இதுதான்.

பட்டன் ரோஸ் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. நிறத்துக்குப் பஞ்சமில்லை, விலை குறைவு, சின்னத் தொட்டி போதும், மணம் கிடையாது. கோடையில் செம்பேன் வரும். இலை மேலே மணல் தூவியது போல வெளுத்து, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அதுதான். இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் பெரும்பாலும் போய்விடும். அதைக் காலையில் செய்துவிட்டால் மாலைக்குள் இலை காய்ந்துவிடும், கரும்புள்ளிக்கும் இடம் கொடுத்ததாகாது.

வாங்கக் கூடாதவை என்று ஒரு வகை உண்டு. ஓசூர் பக்கத்துப் பசுமைக்குடில் ரகங்கள், தாஜ்மகால் முதலானவை. பூங்கொத்தில் பத்து நாள் நிற்கும் அந்த நீளக் காம்புச் சிவப்பைப் பார்த்துவிட்டு "இதே செடி வேணும்" என்று கேட்பவர்களை நர்சரியில் அடிக்கடி பார்க்கிறேன். கடைக்காரரும் "இருக்கே" என்று எடுத்துத் தருகிறார். அவை குடிலுக்குள், சொட்டுநீரில், அளந்த உரத்தில், முறை வைத்து மருந்தடித்து வளர்பவை. நெடுந்தூரம் பயணம் போய் வாடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுத்தவை, மணம் அந்தக் கணக்கிலேயே இல்லை. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊட்டி விஷயமும் அதேதான். அரசு ரோஜாப் பூங்கா அற்புதமான இடம், மறுக்க முடியாது. 1995இல் மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டை ஒட்டித் தொடங்கி, 2006இல் ஒசாகாவில் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பிடம் சிறந்த தோட்டத்துக்கான விருது வாங்கியது. ரகங்களைப் பெயர்ப்பலகையோடு பார்க்க, முகர, குறித்துக்கொள்ள நம் மாநிலத்தில் அதைவிட நல்ல இடம் இல்லை. பார்த்துவிட்டு வாருங்கள். வெளியே வாங்கின செடியைக் காரில் வைத்து மேட்டுப்பாளையம் இறங்கும்போதே அதற்கு வேர்க்க ஆரம்பித்துவிடும்.

நோயே வராத ரோஜா என்று ஆன்லைனில் பரபரப்பாக ஓடுவது நாக் அவுட். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வில்லியம் ராட்லர் உருவாக்கி 2000இல் வெளிவந்தது. கரும்புள்ளியை எதிர்ப்பதில் உண்மையிலேயே கெட்டிக்காரச் செடி. ஆனால் மணம் இல்லை என்றே சொல்லலாம். இந்தப் பெயரில் இங்கே விற்பதெல்லாம் அதுதானா என்பதற்கு விற்கிறவர் சொல்லைத் தவிர அத்தாட்சி கிடையாது. ஜெர்மனியில் ஏடிஆர் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. 1997 முதல் பூச்சிமருந்தோ பூஞ்சைமருந்தோ அடிக்காமல் பல தோட்டங்களில் வளர்த்துப் பார்த்துத் தேறிய ரோஜாவுக்குத்தான் அந்த முத்திரை. அருமையான ஏற்பாடு. ஆனால் அங்கே தேறியது இங்கேயும் தேறும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கரும்புள்ளிப் பூஞ்சையிலேயே பல இனங்கள் உண்டு, ஓர் இனத்தை எதிர்க்கும் செடி இன்னொன்றிடம் தோற்கும். அங்கே மே மாத 40 டிகிரியும் இல்லை.

நம் வெயிலுக்கென்றே ரோஜா செய்ய வேண்டும் என்று பல ஆண்டுகளாக உழைத்தவர் கொடைக்கானலின் வீரராகவன், ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி. மனைவி கிரிஜாவும் அந்த வேலையில் பங்காளி. வங்கப் பக்கத்தில் சதுப்பு நிலத்தில் வளரும் காட்டு ரோஜா ஒன்றையும், வடகிழக்கு மலைகளில் மரமேறிப் படரும் பெரிய காட்டு ரோஜாவையும் எடுத்து, தோட்ட ரகங்களோடு கலந்து புதிய ரகங்களை உருவாக்கியிருக்கிறார்கள். தாவரவியலாளர் இ.கே. ஜானகி அம்மாள் பெயரிலும் அவர்கள் ரோஜா ஒன்று இருக்கிறது. தண்ணீரில் நின்று பழகிய செடியின் ரத்தம் இருந்தால் கார்த்திகை மழையில் நம் தொட்டி ரோஜா அழுகாது என்பது எவ்வளவு எளிய யோசனை! ஆனால் நான் போகிற எந்த நர்சரியிலும் இவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. நாக் அவுட்டின் பெயர் தெரிந்த கடைக்காரருக்கு இவர்கள் பெயர் தெரியவில்லை. இதில் எனக்குக் கோபமே உண்டு.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு செய்ய வேண்டியதில் இரண்டை மட்டும் சொல்கிறேன், மற்றதெல்லாம் எங்கும் கிடைக்கும். ஒன்று, களிமண். பல செடிகள் கறுப்புக் கவருக்குள் இறுகின களிமண் உருண்டையோடு வரும். லாரியில் ஈரம் காயாமல் வர அது நல்லது, தொட்டிக்கு ஆகாது. அதை அப்படியே புதைத்தால் வெளியே ஊற்றுகிற தண்ணீர் உருண்டையைச் சுற்றி ஓடிவிடும், உள்ளே வேர் காய்ந்தே கிடக்கும். அடைமழையிலோ நேர் எதிர், ஊறிய உருண்டை காயாது. கவரைக் கிழித்து, உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, வெளிச்சுற்று மண் குழைந்ததும் விரலால் மெல்லக் கரைத்துவிடுங்கள். நடுவில் வேர் பின்னிய பகுதியைத் தொட வேண்டாம். பூ இருக்கும்போது இதைச் செய்தால் செடி சுருண்டுவிடும், பூவையும் மொட்டையும் கிள்ளிவிட்டுச் செய்ய வேண்டும். ஜனவரியில் பூவுக்காக வாங்கியவருக்குக் கிள்ள மனசு வராது. நவம்பரில் வாங்கினால் கிள்ள ஒன்றும் இருக்காது.

இரண்டாவது, கவாத்து. சமவெளிக்கு அக்டோபர், நவம்பர் என்று எழுதியிருப்பார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள் செய்யட்டும். சென்னையில் அந்த மழையில் வெட்டினால் வெட்டுவாயில் ஈரம் இறங்கி, தண்டு நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே கீழே வரும். நுனிக்கருகல் என்பது அதுதான், ஒட்டு முடிச்சு வரை இறங்கிவிட்டால் செடி போயிற்று. நான் மழை ஓய்ந்து மார்கழியில்தான் கத்தரிக்கோலை எடுப்பேன். வெட்டின இடத்தில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைமருந்தைக் குழைத்துப் பூசிவிடுவேன். பூ கொஞ்சம் தாமதமாக வரும், வரட்டும்.

இந்த முறை வாங்கப் போகிறவர்களுக்கு: ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம் என்றால் பன்னீர், பெரிய தொட்டியில். இரண்டு என்றால் கூட ஓர் ஐஸ்பெர்க். மருந்தடிக்கச் சலிப்பில்லாதவர் மூன்றாவதாக டபுள் டிலைட் வைக்கலாம். ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் விழாத பால்கனி என்றால் ரோஜா எதுவுமே வேண்டாம், அந்த இருநூறு ரூபாய்க்குப் பூக்கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் வீடுகளில் மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து வாரம் ஒரு முறையாவது தொட்டியடியில் ஓடும்படி ஊற்றினால் உப்பு கழுவிக்கொண்டு போகும். நர்சரியில் பேரம் பேசலாம், நவம்பரில் நன்றாகவே குறைத்துத் தருகிறார்கள்.